குப்பை அமுக்கி ஆடிய அக்டோபர்

அக்டோபர் 4, சனி

காலையில் குப்பைக் கிடங்குக்குப் போய் வந்தேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை. வாசலில் ரோலண்ட், அதே ஆரஞ்சுச் சட்டையில். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் என் பின் சீட்டில் உட்கார்ந்து ஊரையே ரெண்டாக்கியவன். இப்போது கிடங்கு அவன் பொறுப்பில். என் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன வின்னியம்மா, பை உப்பிக் கெடக்கு, கனமே இல்ல. உங்க மெஷின் லீவுல போயிருச்சா?"

லீவில் போனால்கூடப் பரவாயில்லை. பேயாட்டம் ஆடுகிறது. என் வீட்டுக்காரர் அல்டன் உயிரோடிருந்தபோது வாங்கியது, சமையல் மேடைக்கு அடியில் பொருத்தியிருக்கும் குப்பை அமுக்கி. இழுப்பறையில் குப்பையைப் போட்டு மூடி, விசையைத் தட்டினால் உள்ளே இரும்புத் தட்டு இறங்கி எல்லாவற்றையும் சப்பையாக்கிவிடும். இந்த ஊரில் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வராது. ஊர் விற்கிற பையில் கட்டி சனிக்கிழமை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு வாரக் குப்பையை ஒரே பையில் அடைத்துக்கொண்டு வருகிறவளுக்கு வரிசையில் ஒரு மரியாதை உண்டு. இன்று அந்த மரியாதை போனது.

ஆகஸ்டில் முழங்காலை மாற்றிக்கொண்டு போர்ட்லண்டில் மகள் மொரீன் வீட்டில் படுத்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் சமையலறையில் புதுத் தரை. மாப்பிள்ளை டுவைட் என்னைக் கேட்காமல் போட்டது. "சர்ப்ரைஸ், அத்தை." மரம் மாதிரி வேஷம் போட்ட பிளாஸ்டிக் பலகைகள். பழைய தரையில் நான் தடுக்கி விழுந்துவிடுவேனாம். நன்றி என்றேன். வேறென்ன சொல்வது?

வந்ததிலிருந்து அமுக்கி இப்படித்தான். வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் துருப்பிடித்திருக்கும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்று விசையைத் தட்டியதும் மேடைமேல் இருந்த முட்டைகள் உருண்டு போய்ப் புதுத் தரையில் விழுந்து உடைந்தன. அந்தத் தரைக்கு அது வேண்டியதுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

மேடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன் — நானும் சேர்ந்து ஆடினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மொரீன் கூப்பிட்டபோது அமுக்கி ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா, என்ன சத்தம் அது? லாரி எதாவது வீட்டுக்குள்ள வந்துருச்சா?" அமுக்கி என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற முதியோர் குடியிருப்பில் ஓர் அறை காலியாகிறதாம். ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியுமாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். குப்பையைக் கதவுக்கு வெளியே வைத்தால் ஆள் வந்து எடுத்துப் போவானாம்! எனக்கு அதைக் கேட்டதும்தான் எரிந்தது. சனிக்கிழமை கிடங்குக்குப் போகாவிட்டால் நான் ஊரில் யாரைப் பார்ப்பேன், யார் என்னைப் பார்ப்பார்கள்?

"எனக்கு ஆறு வேண்டாம். இங்க பக்கத்திலயே ஏரி இருக்கு."

"அம்மா, ஒரு மெஷினைக்கூட உன்னால சமாளிக்க முடியல. இவ்ளோ பெரிய வீட்டை எப்படி?"

"அதைச் சரி பண்ணிட்டா இந்தப் பேச்சை விட்டுடறியா?"

"சரி பண்ணலேன்னா?"

"வந்து கையெழுத்துப் போடறேன், போ."

சொல்லியாயிற்று. வீட்டையே ஒரு குப்பைப் பெட்டியின் மேல் பந்தயம் வைத்துவிட்டேன். எந்த முட்டாளாவது செய்வாளா? செய்தாள். பேரு வினிஃப்ரெட் ஸ்டேப்பிள்ஸ்.

டுவைட் பின்னாலிருந்து ஏதோ சொல்வது கேட்டது. "அத்தைகிட்ட சொல்லு, நானே வந்து அதைப் பிடுங்கிப் போட்டுட்டு ஒரு குப்பைத்தொட்டி வச்சுத் தர்றேன்னு." வரட்டும், பார்க்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, உள்ளே இருந்த குப்பையைத் தரையில் விரித்த செய்தித்தாளில் கொட்டினேன். சப்பையான தகர டப்பா ஒன்று ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. இதுதான் குற்றவாளி என்று சந்தோஷப்பட்டேன். கனமானது ஓரத்தில் இருந்தால் தட்டு கோணலாக இறங்கும், மெஷின் உதறும் — இது தெரிந்த விஷயம்தானே. எல்லாவற்றையும் நடுவில் வைத்து ஓட்டினேன்.

ஆடியது.

குப்பையே இல்லாமல் ஓட்டினேன். சத்தமில்லை. பூனை நடக்கிற மாதிரி. ஆக, மோட்டார் நன்றாக இருக்கிறது. தட்டு எதையாவது அழுத்தும்போதுதான் ஆட்டம். பஸ்ஸிலும் இப்படித்தான், மேட்டில் ஏறும்போது உதறுகிற வண்டியை நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அக்டோபர் 11, சனி

கிடங்கில் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை. ஒருவர் பெல்ட் என்றார். அதில் பெல்ட்டே கிடையாது. ஒருத்தி, "எங்க வீட்டுல இருந்ததை நான் எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன், நிம்மதியா இருக்கேன்," என்றாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் தூக்கிப் போடுவாள், இரண்டு கணவர்கள் உட்பட.

ரோலண்டுதான் உருப்படியாகக் கேட்டான். "உள்ள ரெண்டு நீளத் திருகாணி மேலயும் கீழயும் போகும்ல, அதுக்குக் கடைசியா எப்ப கிரீஸ் வச்சீங்க?"

அல்டன்தான் வைத்திருப்பார். அப்படியென்றால் அவர் போனதிலிருந்து யாரும் வைக்கவில்லை.

"அதான் வின்னியம்மா, காஞ்சு போயிருக்கும். கூடவே ஸ்க்ரூவெல்லாம் இறுக்கிப் பாருங்க. நான் வேணா வரட்டுமா?"

"உன் வேலையைப் பாரு."

கடுமையாகச் சொல்லிவிட்டேனோ. அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். பந்தயத்தில் வேறு ஆளை வைத்துச் செய்தால் மொரீன் ஒத்துக்கொள்ள மாட்டாள், அதனால்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

கிரீஸ் வைத்தேன். திருகாணி இரண்டையும் பழைய துணியால் துடைத்து, விரலாலேயே தடவி, எட்டிய ஆணி ஒவ்வொன்றையும் திருப்புளியால் இறுக்கி, கை முழங்கை வரை கறுப்பு. முட்டி போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து செய்தேன். ஜெயித்துவிட்ட திமிரில் காபி போட்டுக் குடித்தேன். பிறகு பால் டப்பாக்கள், ரொட்டி அட்டை எல்லாவற்றையும் திணித்து விசையைத் தட்டினேன்.

தடதடதடதட.

இப்போது சிங்க்கின் குழாயும் சேர்ந்து ஆடுகிறது. போயேன், போய்த் தொலையேன். உனக்கு என்னதான் வேணும்? எண்ணெய் வச்சாச்சு, துடைச்சாச்சு, இன்னும் என்ன தாலாட்டா பாடணும்? காலால் ஓர் உதை விட்டேன். நல்ல காலால்.

அக்டோபர் 14, செவ்வாய்

கராஜில் அல்டனின் ரசமட்டம் கிடைத்தது. சமையல் மேடைமேல் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. மேடை மட்டம் என்றால் மெஷினும் மட்டம்தானே? அந்தச் சந்தேகமும் ஒழிந்தது. இனிச் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மொரீன் மாலை கூப்பிட்டாள். அமுக்கியைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. அறைக்குத் திரை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டாள். கறுப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

இன்று அதன் முகத்திலேயே விழிக்கவில்லை. தபால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று நடந்ததை நாளைக்குச் சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது ஒன்று உறைத்தது. ரசமட்டத்தை வைத்தது மேடையில். மேடை வேறு, மெஷின் வேறு. மேடை சுவரைப் பிடித்து நிற்கிறது, மெஷின் தன் நாலு காலில் நிற்கிறது. மடச்சி, மடச்சி. மெஷினின் காலைப் பார்க்காமலே மட்டம் என்று எழுதி வைத்தாயே!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷினின் அடியில் இருக்கும் மறைப்புப் பட்டையைக் கழற்றினேன். ஸ்டூலில் உட்கார்ந்தால் உள்ளே தெரியவில்லை. தரையில் படுத்தேன். கன்னத்தைத் தரையில் ஒட்டி டார்ச்சை அடித்தேன்.

முன்னங்கால் இரண்டும் புதுத் தரைமேல். பின்னங்கால் ஒன்று புதுத் தரைமேல். இன்னொரு பின்னங்காலுக்கு அடியில் பலகையே இல்லை. டுவைட் போட்ட பலகை அந்த மூலைக்கு எட்டாமல் நின்றுபோயிருக்கிறது. பழைய தரை கீழே, கால் மேலே, நடுவில் காற்று. மூன்று காலில் நிற்கிற மேசையில் கையை ஊன்றினால் எப்படி ஆடுமோ, அப்படி. வெறும் மெஷின் ஓடினால் ஆடாது. தட்டு அழுத்தும்போதுதான் அந்தக் கால் கீழே போய்த் தட்டும், மேலே வரும், தட்டும். துருவும் இல்லை, வயசும் இல்லை. மாப்பிள்ளையின் சர்ப்ரைஸ்.

படுத்தபடியே உரக்கச் சிரித்தேன்.

அப்போதுதான் மொரீன் சூப் பானையோடு வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். அவளுக்கு வாசலிலிருந்து தெரிந்தது தரையில் நீட்டிக்கிடக்கும் என் இரண்டு கால்கள் மட்டும். அவள் போட்ட அலறலில் நான் தலையை மெஷினில் இடித்துக்கொண்டேன். "மொரீன், நான் நல்லாத்தான் —" அவள் கேட்டால்தானே! ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். அசையாதே அம்மா, அசையாதே அம்மா என்று என் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

இந்த ஊர் ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர்க்காரர்கள். இன்றைய முறை யாருடையது? ரோலண்டுடையது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டான்.

"வின்னியம்மா, நான் பேசறது கேக்குதா? எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. அந்த டார்ச்சைப் பிடிச்சு அந்த மூலையைப் பாருடா."

பார்த்தான். தானும் என் பக்கத்திலேயே படுத்துப் பார்த்தான். "அடப்பாவி. கால் அந்தரத்துல தொங்குது," என்றான்.

"ரெண்டு பேரும் எழுந்திருக்கறீங்களா?" மொரீன் குரல் உடைந்திருந்தது. அழுதுகொண்டிருந்தாள். அதை அப்போதுதான் கவனித்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மொரீன் வருவதற்கு முன்னாலேயே நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. புது முழங்கால் மடங்க மறுத்தது, பழைய முழங்கால் கனம் தாங்கவில்லை, பிடித்துக்கொள்ள எதுவும் எட்டவில்லை. மெஷினை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சூப் பானையோடு அவள் வராமலிருந்தால்? ரோலண்ட் தூக்கிவிட்டபோது அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பயந்துதான் போனேன். அதனால் என்ன? பயந்தவர்களெல்லாம் வீட்டைக் காலி செய்தால் இந்தத் தெருவில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இருக்காது.

அக்டோபர் 21, செவ்வாய்

டுவைட்டிடம் போனில் சொன்னேன். நம்பவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு அத்தை. பழைய மெஷின் ஆடுதுன்னா தரை மேலயா பழி?"

"கூடம் கோணல்தான் மாப்பிள்ளை. வந்து படுத்துப் பாருங்க."

அக்டோபர் 25, சனி

வந்தார்கள், இருவரும். டுவைட் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்தார். நான் டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இதை நின்றுகொண்டு பார்க்கக் கூடாது.

டார்ச்சை அந்த மூலையில் அடித்தார், இன்னொரு தடவை அடித்தார்.

"பலகை தீர்ந்துபோச்சு அத்தை," என்றார் கடைசியில். "ஒரே ஒரு துண்டுக்காக இன்னொரு பெட்டி வாங்கணுமான்னு... அந்த மூலை யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"எனக்குத் தெரியல. மெஷினுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மொரீனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். டுவைட் காது சிவந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சாக்குச் சொல்லாமல் எழுந்து காரிலிருந்து ரம்பமும் ஒரு பெட்டிப் பலகையும் எடுத்துவந்தார். என்னை நம்பாதவர் எதற்குப் பலகையோடு வந்தார்? அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் காது உருகியிருக்கும்.

மேடையோடு பிடித்திருந்த ஆணிகளை நான் கழற்றினேன், அவர் மெஷினை இழுத்தார். மூலைக்கு அளவெடுத்துப் பலகை வெட்டிப் போட்டோம். நாலு காலையும் திருகி, இந்தத் தடவை ரசமட்டத்தை மெஷினின் தலையிலேயே வைத்துப் பார்த்து, உள்ளே தள்ளி ஆணியை இறுக்கினோம். ஒரு வாரக் குப்பையைத் திணித்தேன். மேடைமேல் விளிம்பு வரை ஊற்றிய காபிக் கோப்பையை வைத்தேன்.

விசையைத் தட்டியது நான்தான்.

ம்ம்ம்ம் என்று ஒரு முனகல். உள்ளே அட்டை நொறுங்குகிற சத்தம். காபியில் லேசான ஒரு வளையம், அவ்வளவே. ஒரு சொட்டு சிந்தவில்லை. டுவைட் கைதட்டினார். நான் கோப்பையை எடுத்து நின்றபடியே குடித்தேன். பந்தயம் முடிந்தது என்று மொரீனைப் பார்த்தேன்.

அவள் கைதட்டவில்லை.

டுவைட் ரம்பத்தை வைக்கக் காருக்குப் போனதும் கேட்டாள். "அம்மா, அன்னிக்கு நீ எழுந்திருக்க முடியாமத்தானே கெடந்தே? ரோலண்ட் தூக்கறப்ப உன் கையைப் பார்த்தேன்."

பொய் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. "ஆமா," என்றேன்.

"அப்ப மெஷின் சரியானா என்ன ஆச்சு? மெஷினாம்மா எனக்குப் பெரிசு? நீ செத்துக் கெடக்கறேன்னு நெனச்சேன். வாசல்ல நின்னுக்கிட்டு, நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

அவளைக் கட்டிக்கொண்டேன். என்னை விட உயரம், என் தோளில் தலை வைக்கக் குனிய வேண்டியிருந்தது. என் பெண் பயந்திருக்கிறாள், அதைத் திரை, ஆறு, ஜன்னல் என்று வேறு பெயர்களில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. வந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் எங்க போகணும்னு நீ சொல்லாதே மொரீன். எனக்கு என்ன வேணும்னு கேளு."

"என்ன வேணும்?"

"பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி. சிங்க்குக்குப் பக்கத்துல ஒண்ணு, குளியலறையில ஒண்ணு. தாழ்வா, தரையில கெடந்தா கைக்கு எட்டற மாதிரி."

"கம்பி போதுமா?"

"தினம் காலையில நீ கூப்பிடு. நான் எடுக்கலேன்னா ரோலண்டை அனுப்பு. அவனுக்கு என்னைத் தூக்கிப் பழகிருச்சு."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். டுவைட்தான் திரும்பி வந்து, "நாளைக்கே வந்து கம்பி மாட்டித் தர்றேன் அத்தை," என்றார்.

"மாட்டுங்க. நான் பக்கத்துல நிக்கறப்ப மாட்டுங்க."

அக்டோபர் 26, ஞாயிறு

கம்பிகள் மாட்டியாயிற்று. டுவைட் ஒன்றில் தொங்கிக் காட்டினார், அவர் கனத்துக்கே அசையவில்லை. மொரீன் வரவில்லை. அறைக்கு என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்டேன், அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்று நழுவிவிட்டார். என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது, தெரியும். ஆனால் மகள் மனசில்லாமல் விட்ட வீட்டில் எப்படி இருப்பேன்?

அக்டோபர் 28, செவ்வாய்

தரையில் படுத்து, பக்கவாட்டில் புரண்டு, கம்பியைப் பிடித்து எழுந்தேன். முதல் தடவை நாக்கு தள்ளிவிட்டது. விடவில்லை, திரும்பப் படுத்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மாதக் கடைசி. பதில் சொல்ல வேண்டிய நாள்.

ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு வீடு வீடாக வரும் குழந்தைகளுக்கு மிட்டாயைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு, பயிற்சிக்குத் தரையில் படுத்தேன். போன் அடித்தது. எழுந்து போவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி அடித்தது. மொரீன்தான்.

"ஏம்மா எடுக்கல? எங்க இருந்தே?"

"தரையில."

அவள் அலறுவதற்குள் சொன்னேன்.

"நானாப் படுத்தேன், நானா எழுந்தேன். இன்னிக்கு இதோட நாலாவது தடவை."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிப்பது கேட்டது. அறையை என்ன செய்தாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவளே சொன்னாள்.

"நீ கேட்ட கம்பியைத்தான் மாட்டியாச்சே. காலையிலேயே அவங்களுக்கு போன் பண்ணிட்டேன். அறை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"என்ன காரணம் சொன்னே?"

"அவங்களும் கேட்டாங்க. எங்கம்மாவுக்கு இப்ப நேரமே இல்லை, நாளைக்குக் குப்பைக் கிடங்குக்குப் போகணும்னு சொன்னேன்."